வெல்லம் கசந்த வருசம்

கோரக்காட்டுப்புதூரில் வெல்லம் கசந்து போனது தை மாசத்தில், பொங்கல் நோம்பி முடிந்து கரும்புத் தோகையெல்லாம் வீதியோரம் காய்ந்து கிடந்த ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில். அதற்குக் காரணம் கரும்பும் இல்லை, பாகு காய்ச்சுகிற கொப்பரையும் இல்லை, அடுப்பு எரித்தவனும் இல்லை, பரிமளாவின் மார்பில் அவள் நங்கையா மயிலாத்தா, அதாவது புருசனுடைய மூத்த அக்காள், அரைத்துப் பூசிய வேப்பங்கொழுந்துதான் என்று சொன்னால் அந்த ஊரில் இன்றைக்கும் ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொண்டால் அதற்குப் பிறகு அவர்கள் செய்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டி வருமே.

பரிமளாவுக்கு அப்போது வயிற்றில் மூணு மாசம். மடியில் ரோகிணி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியிருந்த வயசு, சோறும் தின்பாள், மண்ணும் தின்பாள், ஆனாலும் விழுந்தாலும் எழுந்தாலும் ஓடி வந்து அம்மாவின் முந்தானைக்குள் தலையை விட்டால்தான் அவளுக்கு உலகம் சரியாகும். சூல் பிடித்த மார்பு காற்றுப் பட்டாலே நோகும், பிள்ளை வாய் வைத்ததும் பரிமளா பல்லைக் கடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பாள், ஆனாலும் கொடுத்தாள். வாரம் ஒருதரம் வந்து போகும் நர்சம்மா அவளிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: உனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கிறது, கொடுப்பதால் வயிற்றுப் பிள்ளைக்கும் கேடு இல்லை, மடிப்பிள்ளைக்கும் கேடு இல்லை, நல்லாச் சாப்பிடு, தண்ணி குடி, அஞ்சாம் மாச வாக்கில் பால் தானாகக் குறையும், அது சூலுக்கு உண்டான குறைச்சல், அதுவரைக்கும் அவளுக்கு உண்டானதை அவளுக்குக் கொடு என்று. அவளுக்கு உண்டானது என்ற அந்த ஒரு வார்த்தையைப் பரிமளா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மயிலாத்தா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் பரிமளாவுக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். அவளும் ஒரு காலத்தில் வயிற்றில் ஒன்றும் மடியில் ஒன்றுமாக இருந்தவள்தான், மடியில் இருந்த பையன் சவலை பாய்ந்து, விலா எலும்பு தெரிந்து, வயிறு மட்டும் பானையாக முன்னால் தள்ளி, ஒரு மழைக்காலத்தில் போய்விட்டான், அந்த ஏக்கத்தில் வயிற்றில் இருந்ததும் தங்கவில்லை, புருசன் வீட்டில் சூல்பால் கொடுத்துப் பிள்ளையைக் கொன்றவள் என்று பேர் வைத்துப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் பயமெல்லாம் பாலில்தான். பரிமளா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாள் முதலாக வேப்பமரத்தைப் பார்ப்பதும் ரோகிணியைப் பார்ப்பதுமாக இருந்தாள். ரண்டாவது பையன்தான், அவன் பங்கை இவள் குடிக்கிறாள் என்று தம்பி சென்னியப்பனிடம் ஓதிக்கொண்டே இருந்தாள். சென்னியப்பன் வெல்ல ஆலையில் பாகு பதம் பார்க்கிறவன், கொப்பரை முன்னால் நின்றால் ராசா, வீட்டில் அக்காள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

பால் மறக்கடிக்கிற அன்றைக்கு அக்கம்பக்கத்து வளவுப் பெண்கள் கூடி வந்து பார்ப்பது அந்த ஊர் வழக்கம். பிள்ளை ஆசையாக வாய் வைக்கும், வேம்பு கசக்கும், முகம் கோணும், எல்லோரும் சிரிப்பார்கள், அப்புறம் ஒருத்தி ஒரு துண்டு வெல்லத்தைப் பிள்ளை வாயில் வைத்து இனிமேல் உனக்கு இதுதான் சாமி என்பாள், அதோடு முடிந்தது, சிரித்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் வந்தார்கள். பரிமளா பச்சையாகப் பூசின மார்போடு உட்கார்ந்து, இந்தக் கசப்பு என்ற புள்ளைக்கு வேண்டாம், வேற எங்கியாச்சும் போகட்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். எங்கே என்று அவள் சொல்லவில்லை.

ரோகிணி வந்தாள், வாய் வைத்தாள், நிறுத்தினாள். பெண்கள் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். பிள்ளை நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்த்து, உதடெல்லாம் பச்சையாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, மறுபடி குனிந்து மடக்கு மடக்கென்று குடித்தாள். வெல்லத் துண்டோடு தயாராக இருந்த டீக்கடை ராமாயி என்ன செய்வதென்று தெரியாமல் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள், உடனே எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பினாள்.

அதே நேரத்தில் ஆலைக்கொட்டகையில் பாகை விரலில் தொட்டு நாக்கில் வைத்த சென்னியப்பனும் துப்பினான். ஆலைக்காரர் முதலில் பாகில் போட்ட சுண்ணாம்பைத் திட்டினார், அப்புறம் நடுவதற்குக் கரும்புக் கரணை கொடுத்தவனைத் திட்டினார், அப்புறம் சென்னியப்பனின் நாக்கைத் திட்டினார், கடைசியில் தானே ஒரு விரல் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுக் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானத்துக்குள் டீக்கடைச் சர்க்கரை கசந்தது, வாழைப்பழம் கசந்தது, பசும்பால் கசந்தது, கோயில் பஞ்சாமிர்தம் கசந்தது, பிள்ளைகள் டவுசர் பையில் வைத்திருந்த மிட்டாய் கசந்தது. பாகற்காய் மட்டும் எப்போதும் போல இருந்தது. ஆலைக்கொட்டகையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த எறும்புகள் சாயங்காலத்துக்குள் வரிசை கட்டி வெளியேறி, வீதியைக் கடந்து, பரிமளாவின் வாசற்படியோரம் போய்ச் சேர்ந்தன, அதை யாரும் கவனிக்கவில்லை.

ஊர் அழுதிருக்கும், ஓடியிருக்கும், மந்திரவாதியைத் தேடியிருக்கும். ஆனால் வெல்லம் ஏற்றிப் போன லாரிக்காரர் மறுநாள் போன் செய்து, சரக்கு கற்கண்டாட்டம் இருக்குதுங் என்றார். வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் வெல்லம் இனித்தது. கசப்பு ஊருக்குள்ளே மட்டும்தான், நாக்குக்கு மட்டும்தான் என்று தெரிந்ததும் ஆம்பிளைகளுக்குப் பாதிக் கவலை போய்விட்டது. சென்னியப்பன் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்துப் பதம் சொன்னான், வேலை நடந்தது. மீதிக் கவலையை ஊர் மரியாதை பார்த்துக்கொண்டது. வெல்லத்துக்குப் பேர் போன ஊரில் வாய் கசக்கிறது என்று யார் முதலில் சொல்வது? ஒறம்பரை என்று விருந்தாளி வந்தால் டீ கொடுத்து, சக்கரை போதுங்களா என்று கேட்பார்கள், வந்தவர் ஒரு வாய் குடித்து, கண்ணில் தண்ணீர் வர, நல்லாருக்குதுங் என்பார். கல்யாணத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் பாலும் பழமும் தின்று நல்லாருக்குது என்றார்கள், பாயசம் குடித்த பந்தி முழுக்க நல்லாருக்குது என்றது. சர்க்கரை வியாதிக்காரர்கள்தான் மனசாரச் சந்தோசமாக இருந்தார்கள், இத்தனை வருசம் தாங்கள் பட்டதை இப்போது எல்லோரும் படுகிறார்கள் என்று திருநீறு பூசிக்கொண்டு வீதியில் நடந்தார்கள்.

காரணம் மயிலாத்தாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவள் மறுபடி மறுபடி அரைத்துப் பூசினாள், பூசப் பூச ரோகிணி சப்புக்கொட்டிக் குடித்தாள், ஊர் இன்னும் கசந்தது. வேப்பெண்ணெயும் சேர்த்துப் பூசின அன்றைக்குச் சோறே கசந்தது, ஊரில் பாதிப்பேர் பட்டினி கிடந்தார்கள். அதோடு மயிலாத்தா பயந்து போய், வெந்நீர் வைத்துத் தானே பரிமளாவைக் கழுவிவிட்டாள். சோற்றுக் கசப்புப் போயிற்று, இனிப்பின் கசப்புப் போகவில்லை. பரிமளாவுக்கும் வாய் கசந்தது, வெல்லத்தைத் தொட்டால் குமட்டியது, ஆனால் அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிள்ளை குடிக்கிறாள், அது போதும் என்று இருந்தாள். அவள் வாழ்நாளில் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது அந்த ஒரு மாசம்தான்.

அதைக் கெடுத்தவள் ராமாயி, அவளும் கெடுக்க நினைத்துக் கெடுக்கவில்லை. ஒரு நாள் ரோகிணியைத் தூக்கிக் கொஞ்சும்போது பிள்ளை கக்கின பால் ஒரு சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது, பெற்று வளர்த்தவள் பழக்கத்தில் அதை நக்கிவிட்டாள். எத்தனையோ நாள் கழித்து அவள் நாக்கு இனிப்பைத் தொட்டது. அழுதுகொண்டே போய் டீக்கடையில் சொன்னாள், டீக்கடையில் சொன்னது ஊரில் தெரிய எவ்வளவு நேரமாகும்?

முதலில் வந்தது ஆலைக்காரர்தான். அவருடைய அப்பா இழுத்துக்கொண்டு கிடந்தார், சொந்தபந்தமெல்லாம் வாயில் பால் ஊற்றினார்கள், ஊற்றின பாலையெல்லாம் கிழவர் துப்பினார், வாய் கசப்போடு போக மாட்டேன் என்று உயிர் தொண்டையில் நின்றது. ஆலைக்காரர் வெள்ளிப் பாலாடையைக் கையில் வைத்துக்கொண்டு தன்னிடம் கூலி வேலை செய்கிறவன் வாசலில் வந்து நின்றபோது சென்னியப்பனால் என்ன சொல்ல முடியும்? ஒரே ஒரு பாலாடை போதும் அம்மிணி என்றார். சாகிறவருக்குத்தானே என்று பரிமளாவும் கொடுத்தாள். கிழவர் குடித்து, உதட்டை நக்கி, சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அந்தச் சிரிப்பை ஊரே பார்த்தது, அதுதான் வினையாயிற்று.

அப்புறம் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கக் கேட்டார்கள், நிச்சயதார்த்தத்துக்குக் கேட்டார்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குக் கேட்டார்கள், ஒன்றுமில்லாமல் ஆசைக்கும் கேட்டார்கள். பாலாடை, சங்கு, டம்ளர் என்று பாத்திரம் பெரிசாகிக்கொண்டே போனது. சூல்பால் விசம் என்று அதுவரைக்கும் சொன்ன வாயெல்லாம் சூல்பாலுக்கு ஈடு உண்டா என்றது. பால் சுரக்க வேண்டும் என்று வளவு முழுக்க அவளுக்குச் சமைத்தது, பூண்டை நெய்யில் வதக்கிக் கொண்டு வந்தார்கள், முருங்கைக்கீரை வந்தது, பால்சுறாக் கருவாடு வந்தது, வெந்தயக்களி வந்தது, அதில் வெல்லம் போட்டதால் கசப்போடு கசப்பாக இருந்தது, அதையும் பக்கத்தில் உட்கார்ந்து தின்ன வைத்தார்கள். மாமியார் இல்லாத குறை தெரியாமல் ஊரே மாமியாராக இருந்தது. மயிலாத்தா வாசலில் உட்கார்ந்து யாருக்கு முதலில், யாருக்கு அப்புறம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், பிள்ளையைக் கொன்றவள் என்று பேர் வாங்கினவளிடம் ஊரே கெஞ்சி நின்றது, அவள் முகத்திலே ஒரு தெளிச்சி வந்தது. ரோகிணிக்கு எப்போதும் கடைசி. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, தன் அம்மா டம்ளரில் பீய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அஞ்சாம் மாசத்தில் நர்சம்மா சொன்னபடியே பால் குறைந்தது. பூண்டு இன்னும் வந்தது, கருவாடு இன்னும் வந்தது, பால் வரவில்லை. நர்சம்மா வந்தபோது கேட்டார்கள். எத்தனை தின்றாலும் சூலுக்கு உண்டான குறைச்சல் குறைச்சல்தான், இருக்கிறதை மடிப்பிள்ளைக்குக் கொடுங்கள், இந்தப் பெண்ணைப் படுக்க விடுங்கள் என்று அவள் சத்தம் போட்டாள். அவளுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார்கள். பாதி குடித்து, நல்லாருக்குதுங்க என்று வைத்துவிட்டு, பஸ்சுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

சித்திரையில் மாரியம்மன் நோம்பிக்குச் சாட்டு வந்தது. அம்மனுக்குக் கசப்புப் பொங்கல் வைப்பதா? ஊர் கூடிப் பேசியது. சொட்டுச் சொட்டாக வருவதைச் சேர்த்து வைத்தால் சாமிக்கு ஒரு சொம்பாவது தேறும், ஆனால் எல்லாவற்றையும் அந்தப் பெண்பிள்ளை குடித்துவிடுகிறது, சாட்டு முடிகிற வரைக்கும் அதை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பரிமளாவின் அக்காள் வீட்டில் விட்டு வைத்தால் என்ன என்றார்கள். கேட்கிற மாதிரிதான் சொன்னார்கள், முடிவு செய்துவிட்டுத்தான் கேட்டார்கள்.

பரிமளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

"அது அவளுக்கு உண்டானதுங்" என்றாள்.

யாரும் கோபப்படவில்லை. ஆலைக்காரர் துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டு தன்மையாகச் சொன்னார்: "புள்ளைக்குச் சோறு இருக்குது அம்மிணி. ஊருக்கு வேற என்ன இருக்குது, சொல்லு?"

பரிமளா புருசனைப் பார்த்தாள். அவன் பாகு காய்ச்சிக் காப்புக் காய்த்த கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் ரோகிணியைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துத் துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். வண்டி என்றால் அவளுக்கு ஆசை, சிரித்துக்கொண்டே போனாள்.

வண்டி பாலத்தைத் தாண்டின நேரத்தில் ஆலைக்கொட்டகையில் ஒருவன் சும்மா விரலை நக்கினவன் கத்தினான். வெல்லம் இனித்தது. சர்க்கரை இனித்தது, பழம் இனித்தது, டீக்கடை முன்னால் ஆம்பிளைகள் டம்ளர் டம்ளராகக் குடித்துக்கொண்டு நல்லாருக்குது என்றார்கள், இந்தத் தடவை நிசமாகவே சொன்னார்கள். எறும்புகள் பரிமளாவின் வாசலை விட்டுப் புறப்பட்டுக் கொட்டகைக்குத் திரும்பின. வீட்டுக்கு வீடு வெல்லப்பாகில் மாவு கலந்து கச்சாயம் சுட்டார்கள். பரிமளாவுக்கும் ஒரு தட்டு வந்தது. ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாள், அது அவளுக்கும் இனித்தது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இப்போது இனிப்பு வந்துவிட்டதே, பிள்ளையைக் கூட்டி வரலாமே என்று அவள் கேட்டாள். கேட்டவர்களெல்லாம் ஆச்சரியப்பட்டார்கள். காப்புக் கட்டியாச்சு, இனி யாரும் எல்லை தாண்டக்கூடாது என்றார்கள். காப்பு அவிழ்த்த பிறகு கேட்டாள். போனது போய்விட்டது, அப்படியே பால் மறக்கட்டும், உனக்கும் நல்லது என்றார்கள். நான் போகிறேன் என்றாள். வாயும் வயிறுமாக இருப்பவள் தண்ணீர் தாண்டக்கூடாது என்றார்கள். பதில் சொல்ல அவர்களிடம் எப்போதும் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நாள் அவள் யாரிடமும் சொல்லாமல் பாலம் வரைக்கும் நடந்தாள், ஜாக்கெட் நனைந்திருந்தது, குறைந்து போன பால் அன்றைக்கென்று எங்கிருந்துதான் வந்ததோ. ராமாயியும் நாலு பெண்களும் ஓடி வந்து கையைப் பிடித்து, நைச்சியமாகப் பேசி, திருப்பிக் கூட்டி வந்து, சர்க்கரை தூக்கலாகப் போட்டு ஒரு டீ கொடுத்தார்கள். அதற்கப்புறம் பால் நின்றுவிட்டது.

ஆடியில் பையன் பிறந்தான். மயிலாத்தா சொன்னபடியே பையன், சீம்பால் மஞ்சளாகச் சுரந்தது, அவன் வயிறு நிறையக் குடித்தான், அவன்மேல் என்ன குற்றம்? அதற்குப் பிறகுதான் சென்னியப்பன் போய் ரோகிணியைக் கூட்டி வந்தான். வளவுப் பெண்கள் குழந்தை பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, யாரோ வீட்டுக்கு வந்தவள் மாதிரி நின்றாள். பரிமளா அவளை மெல்லக் கூப்பிட்டு, கூசிக் கூசி வந்தவளை அணைத்து, முந்தானையை விலக்கினாள். ரோகிணி வாய் வைத்தாள், நிறுத்தினாள். முகம் கோணிப் போயிற்று, நாக்கை வழித்துத் துப்பினாள்.

தையில் பார்க்க வந்து பார்க்காமல் போனதை அன்றைக்குப் பார்த்துவிட்டார்கள், எல்லோரும் சிரித்தார்கள். "மறந்துட்டா" என்றாள் மயிலாத்தா, நெஞ்சில் கையை வைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். ராமாயி ஒரு துண்டு வெல்லத்தைப் பிள்ளை வாயில் வைத்து, இனிமேல் உனக்கு இதுதான் சாமி என்றாள். பிள்ளை அதையும் துப்பினாள். பரிமளா தன் மார்பைத் துடைத்து விரலை நக்கிப் பார்த்தாள், ஒரு கசப்பும் இல்லை.

அன்றிலிருந்து ரோகிணிக்கு எதுவும் இனிக்கவில்லை. லட்டு கசந்தது, பழம் கசந்தது, ஆலையில் பிள்ளைகளெல்லாம் சூட்டோடு பாகு நக்க ஓடும்போது அவள் மட்டும் தள்ளி நிற்பாள். பரிமளாவின் அக்காள் வீட்டிலும் இப்படித்தானாம், பாலம் தாண்டின நாளிலிருந்தே. ஊர் இதையும் பழகிக்கொண்டது. இனிப்பு ஆகாத பிள்ளை, பல் சொத்தையாகாது, வளர்ப்பது சுலபம் என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். கசந்த மாசங்களைப் பற்றிக் கேட்டால், அந்த வருசம் சுண்ணாம்பு சரியில்லை என்பார்கள்.

அடுத்த தையில் ஒரு நாள் பரிமளா பையனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் ரோகிணியைக் காணாமல் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்கு வந்து பார்த்தாள். கழுவின துணியெல்லாம் காய்ந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையைப் பிடித்துக்கொண்டு ரோகிணி நின்றாள், கொழுந்து கொழுந்தாகக் கிள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தாள். உதடெல்லாம் பச்சை. அம்மாவைப் பார்த்ததும், அந்த வெள்ளிக்கிழமை முந்தானைக்குள்ளிருந்து நிமிர்ந்து சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். இடுப்பில் இருந்த பையனைப் பரிமளா இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

ரோகிணி ஒரு கொழுந்தைக் கிள்ளி, கையில் துடைத்து, அம்மாவின் வாய்க்குள் வைத்தாள். "இனிக்குதாம்மா?" என்றாள்.

பரிமளா மென்றாள். வேம்பு வேம்பாகத்தான் இருந்தது, தொண்டை வரைக்கும் இறங்கியது, கண்ணில் தண்ணீர் முட்டியது. துப்பாமல் முழுதாக முழுங்கினாள்.

"இனிக்குது கண்ணு," என்றாள், "நல்லாருக்குது."